பஸ்ஸில் மணந்த வெனிலா எசன்ஸ்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மதுவிலக்கு அமலில் இருக்கிற நம் சென்னை ராஜ்யத்தில், இன்று காலை பஸ்ஸில் என்னைக் குடிகாரன் என்று பிடித்துவிட்டார்கள்.

மகளின் பிறந்தநாள் கேக்குக்காகப் பூந்தமல்லியில் வெனிலா எசன்ஸ் வாங்கி வந்தேன். வழியில் மூடி கழன்று, பையெல்லாம் ஈரம்.

கண்டக்டர் குனிந்து முகர்ந்தார். "இன்னா நைனா, காலைலயே ஏத்திகினு வந்துட்டியா?"

"கேக்குக்குப்பா. வாசனைக்கு அரை ஸ்பூன் ஊத்தறது."

"சரக்கு வாடை அடிக்குதே!"

"எசன்ஸையே ஸ்பிரிட்லதான்பா கரைக்கிறாங்க" என்று விளக்கினேன். அதோடு நசரத்பேட்டையில் இறக்கிவிட்டார். வீடு வரை நடை.

காலிப் புட்டியைப் பார்த்த மனைவி நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். கேக் பிரமாதம்.

உங்கள் வீட்டில் எசன்ஸுக்குப் பதில் என்ன போடுவீர்கள்? சொல்லுங்கள், எனக்கு இனி நடக்கத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் விட்டுவிட்டேன். மூடி தானாகக் கழலவில்லை. கடை வாசலிலேயே திறந்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். ஒரே கசப்பு.