சம்மன்காரர் வீட்டுக்கு வந்த சம்மன்

என் அக்காவின் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சம்மன்காரர் என்றால்தான் தெரியும். கோர்ட் சம்மன்களைப் பையில் போட்டுக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் சைக்கிளில் வீடு வீடாகப் போனவர். அந்தச் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே பாதிப் பேர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிமிஷம் திடுக்கிட்டுவிட்டுத்தான் வாங்க என்பார்கள்.

தொழிலில் அத்தானுக்கு ஒரு பிடிவாதம். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதிச் சம்மனைத் திருப்பிவிடுவார்கள். இவர் மாட்டார். கதவைத் தட்டி, காகிதத்தில் இருக்கிறபடி முழுப்பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். பதில் வராவிட்டால்தான் பேனாவை எடுப்பார். ஆள் செத்துப்போய்விட்டார் என்று தெருவே சொன்னாலும் கூப்பிடாமல் எழுதியதில்லை. "கூப்பிடாம எழுதினா அது பொய்டா" என்பார். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே வக்கீல் ஆகப்போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா சைக்கிளை நிறுத்துற வாசல் வழியா நான் கறுப்பு கவுன் போட்டுட்டு உள்ள போவேன் மாமா, பாத்துக்கிட்டே இருங்க" என்பாள். சட்டக் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டதும் அக்காவுக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, அரசாங்கக் கல்விக்கடன் கிடைத்தது. இருபத்திரண்டு பக்க ஒப்பந்தம். கடன் வாங்குபவர் மகள், ஜாமீன் அப்பா. ஊராரிடமெல்லாம் கையெழுத்து வாங்கியே பழகிய மனிதர், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாகத் தன் கையெழுத்தைப் போட்டார். நகல் எடுத்ததற்கு நான் காசு வாங்கவில்லை. அதை ஐந்து வருஷம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்தாள். வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளப் பதினோரு நாள் இருந்தது. காய்ச்சல் வந்தது. நான்கே நாள். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அவளுடைய போன் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. வங்கிக் கணக்கை மூடினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்தார்கள். கல்விக்கடன் அலுவலகம் மட்டும் மாதம் தவறாமல் அவள் பெயருக்குக் கடிதம் போட்டது.

நான் அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். பதினேழாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழை அனுப்பினால் போதும், கடன் முழுவதும் தள்ளுபடி, ஜாமீன்தாரரும் கட்ட வேண்டாம். சான்றிதழின் நகலோடு அத்தானிடம் ஓடினேன். அத்தான் வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். முதல் தேதி வந்ததும் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்த் தவணை கட்டினார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அரசாங்கமே வேணாங்குது. நீங்க எதுக்கு அத்தான் கொண்டுபோய்க் கொட்டுறீங்க? அக்கா ஒரே கண்ணாடிய ரெண்டு வருஷமா ஒட்டிப் போட்டுக்கிட்டிருக்கு, தெரியுமா?"

அவர் கோபப்படவில்லை. "அங்க ஒரு ஆபீஸ்ல அவ இன்னும் இருக்காடா. மாசாமாசம் அவளுக்கு லெட்டர் போடுறாங்க. நானே போய் இல்லன்னு சொல்லணுமா?"

அந்த உறை ஒவ்வொன்றையும் அவர் பிரிக்காமல் அவள் மேஜையில் அடுக்கி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு ஓய்வு பெற்றார். பென்ஷனில் தவணை கட்ட முடியவில்லை. ஐந்து மாதம் நின்றது. அலுவலகம் வழக்குப் போட்டது. அவள் இல்லை என்று அத்தான் இப்போதும் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் வீடு ஜப்திக்குப் போகும். அக்கா அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் பகலில் நான் அங்கே இருக்கும்போது புது சம்மன்காரர் வந்தார். அத்தான் இடத்துக்கு வந்தவர். வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"அண்ணே, ரெண்டு சம்மன் வந்திருக்கு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு..."

அத்தான் தன்னுடையதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மற்றது அந்த மனிதரின் கையிலேயே இருந்தது.

"தெருமுனையிலயே எழுதித் திருப்பிடலாம்னு பாத்தேண்ணே. கை வரல."

"எழுதாததே நல்லது. கூப்பிட்டியா?"

"நான் எப்படிண்ணே கூப்பிடுவேன்?"

அத்தான் காகிதத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். இனிஷியலோடு முழுப்பெயரையும் வாசித்துக் கூப்பிட்டார், ஊரெல்லாம் கேட்ட அதே கோர்ட் குரலில். நின்றார். சமையலறையில் அக்கா குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது முறையும் முழுப்பெயரைச் சொன்னார். எந்த வீட்டு வாசலிலும் அவ்வளவு நேரம் அவர் காத்திருந்ததில்லை.

மூன்றாவது முறைக்குக் காகிதத்தைப் பார்க்கவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு, "பாப்பா" என்றார்.

அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து காகிதத்தின் பின்பக்கம் எழுதினார்: 'மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. விலாசதாரர் இறந்துவிட்டார்.' சாட்சிக்கு அக்கா முதலில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து நான் போட்டேன். இழுப்பறையிலிருந்து சான்றிதழை எடுத்து அத்தான் அதோடு சேர்த்துக் குத்தி, "கீழ உன் கையெழுத்தப் போட்டுக் கொண்டு போ" என்று புது ஆளிடம் நீட்டினார்.

வழக்கு முடிந்தது. கடன் தள்ளுபடியானது. வீடு தப்பியது. அடுத்த மாதம் அவள் பெயருக்குக் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.