ஒரு டம்ளர் காபியும் ஒரு பொய்யும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், கம்பத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மேல் இப்படிப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வந்தது.

என் கணவர் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தேனியில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது, இனி மருந்தைவிடக் கூட இருந்து பார்த்துக்கொள்வதுதான் முக்கியம், அது ஒரு மாதத்தில் முடிகிற காரியமும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

கோவையில் இருக்கும் மகள், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வயதானவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் மையம் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுவந்துவிடலாம் என்றாள். பெங்களூரில் இருக்கும் மகன், அப்பா அவர் வீட்டிலேயே இருக்கட்டும், ஒரு ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்வோம் என்றான். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "முப்பத்தாறு வருசமா நான் பாக்காததையா இன்னொருத்தி வந்து பாத்துரப்போறா?" என்று போனை வைத்துவிட்டேன்.

என் வீம்பு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அவர் நல்ல கனம். ஒரு நாள் தூக்கி உட்காரவைக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. சரியாகப் புரட்டிப் படுக்கவைக்காததால் அவருக்குப் பின்பக்கம் தோல் சிவந்து, புண்ணாவதற்குத் தயாராக இருந்தது. வீடியோ காலில் அதைப் பார்த்த மகன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேனியில் ஒரு ஏஜென்சியில் பேசிவிட்டான். ஆண் ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

குமுளிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஊர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரே ஒரு பை. தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். வந்த அன்றைக்கே கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அவருக்கு விழுங்குவது இன்னும் சரியாக வரவில்லை, தண்ணீரோ பாலோ அப்படியே கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று சொல்லி, ஒரு பொடியைக் கலந்து கூழ்போல் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில்தான் கொடுத்தாள். பத்தே நாளில் புண் ஆறத் தொடங்கியது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கண் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஊட்டினால் இரண்டாவது ஸ்பூனிலேயே உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறவர், அவள் ஊட்டினால் கிண்ணத்தைக் காலி செய்தார். அவள் ஏதாவது சொன்னால் கோணிய வாயோடு சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் மீசையைத் தொடக்கூட என்னை விடாதவர், அவள் கத்தரி எடுத்தால் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டினார். தினமும் காலையில் உடம்பு துடைக்கும்போது அறைக் கதவைச் சாத்திவிடுவாள். என் வீட்டில், என் கணவர் இருக்கும் அறைக்கு வெளியே, நான் கரண்டியும் கையுமாக நிற்பேன். உள்ளே அவள் குரல் கேட்கும். அவர் சிரிக்கும் சத்தம் கேட்கும். அடிவயிற்றில் தீயை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவர் இடது கையைத் தூக்கி, "மதி" என்றார். நோய் வந்தபிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை. மலையாளத்தில் 'போதும்' என்று அர்த்தம். அவள் தினமும் அவரிடம் "மதியா சார்?" என்று கேட்டுக் கேட்டு, அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் கைதட்டிச் சிரித்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் சிரித்தேன். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்குத் திரும்பி வந்த முதல் சொல் அவளுடைய சொல்.

அந்த வாரம் கோம்பையிலிருந்து என் நாத்தனார் அவரைப் பார்க்க வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "என்ன மதினி, அண்ணன் அந்தப் புள்ள சொன்னா மட்டும் கேக்குறாக. உங்கள ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கிறாக?" என்றார். சும்மா கேட்டதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப்பிறகு நான் செய்ததையெல்லாம் நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மீன் குழம்பு வைத்தால் அவளுக்கு வால் துண்டாகப் பார்த்துப் போடுவேன். அவள் ஒட்டிய தாளை, சுவர் பாழாகிறது என்று கிழித்தேன். அவள் வேறொரு தாள் எழுதி ஒட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூவை எடுத்து சாமி படத்துக்கு வைத்துவிட்டேன்.

தன் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று அவள் கேட்டபோது எனக்கு வழி கிடைத்தது. "போயிட்டுத் திரும்பி வரவேணாம். இனிமே நானே பாத்துக்கிருவேன்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, "தண்ணி மட்டும் பொடி போட்டுக் கொடுங்க சேச்சி. எதக் கொடுத்தாலும் நிமிர்த்தி உட்காரவச்சு" என்றாள். பிள்ளைகளிடம், அவளாகவே நின்றுவிட்டாள் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். மழை. அவர் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு என் காபி என்றால் உயிர். ஷிஃப்ட் முடிந்து லோயர் கேம்ப்பிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் காபிதான் கேட்பார். அந்தக் கூழை யார் குடிப்பார்கள், என் கையால் ஒரு டம்ளர் நல்ல காபி கொடுத்தால் என் பக்கம் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. அவர் பசிக்காக நான் அந்தக் காபியைப் போடவில்லை.

தலையணையில் லேசாகச் சாய்த்தபடியே டம்ளரை வாயில் வைத்தேன். வாசனை பட்டதும் அவர் கண் மலர்ந்தது. இரண்டு மடக்கு போனது. மூன்றாவது மடக்கில் இருமல் பிடித்தது. இருமல் நின்று, மூச்சே வராமல், உதடு நீலமாக மாறியது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். ஏலக்காய் வியாபாரம் செய்யும் பாய். "படுக்கப் போடாதீகக்கா! முன்னால குனிச்சுப் பிடிங்க!" என்று கத்தி, தானே கட்டிலில் ஏறி என் கணவரைத் தூக்கிக் குனியவைத்து முதுகில் தட்டினார். காபி வெளியே வந்தது, கொஞ்சம் மூச்சும் வந்தது. பாயின் காரிலேயே போட்டு, உள்ளூரில் ஆக்சிஜன் வைத்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் தேனிக்கு, பழைய மருத்துவமனைக்கே கொண்டுபோனோம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. நான்கு நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கண் விழித்தார். வார்டுக்கு வந்த டாக்டர், "இவருக்கு யார் தண்ணியா குடிக்கக் கொடுத்தது?" என்று கேட்டார். மகனும் மகளும் பக்கத்தில் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். "அந்த ஹோம் நர்ஸ்தான் கொடுக்கலாம்னு சொல்லிட்டுப் போனா" என்றேன்.

மகன் அங்கேயே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நான் கணவரைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரால் பேச முடியாது. ஆனால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். என்னை நேராகப் பார்த்தார். கோபம்கூட இல்லை அதில். பிறகு மெல்லத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நாள் டாக்டர் வந்தபோது, பிள்ளைகள் முன்னாலேயே, "நான்தான் கொடுத்தேன். அவ கூடாதுன்னுதான் சொன்னா. அவளா நிக்கல, நான்தான் வரவேணாம்னேன்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் ஃபைலில் எதையோ அடித்து எழுதினார். மகள் அழுதாள். மகன்தான், "என்னம்மா நீ? நான் ஏஜென்சில பெரிய சண்டையே போட்டேனே. அந்தம்மா பேரையே லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்களாம்" என்றான். உடனே போன் செய்து நடந்ததைச் சொல்லச் சொன்னேன். அவர்களிடம் நானும் பேசினேன். ஆனாலும் அவளிடம் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு, ஏஜென்சியில் வாங்கிய முகவரியோடு குமுளி பஸ் ஏறினேன். வீட்டில் அவள் இல்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கூடத்தில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே இருபது பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். "சார் இப்ப எப்படி இருக்கார்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். காபியை, டாக்டரிடம் சொன்ன பொய்யை, பிறகு அதைத் திருத்தியதை. கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது. "பதினொரு வருஷமா இந்த ஜோலி செய்றேன் சேச்சி. என் கையில ஒருத்தருக்கும் இப்படி ஆனதில்ல. அதப் போய் நான்தான்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?" என்றாள். எதற்காக என்று மறுபடியும் கேட்டாள். "உன்கிட்டச் சிரிச்சாரு. என்கிட்டச் சிரிக்கல" என்றேன். அறுபத்தொரு வயதில் நடுரோட்டில் நின்று அதைச் சொன்னேன்.

அவள் கோபம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு சொன்னாள்: "சாருக்கு என்கிட்ட வெக்கமில்ல. நான் யாரோ, நாளைக்குப் போயிருவேன். டயப்பர் மாத்தறப்ப எல்லாம் முதல்ல கதவத்தான் பார்ப்பார், நீங்க வந்துருவீங்களோன்னு. சாத்துன்னு கை காட்டுறதே அவர்தான். நீங்க அந்தக் கோலத்துல அவரப் பார்க்கக் கூடாதாம். சிரிப்பு சும்மா, வெக்கத்த மறைக்க."

நான் அந்தக் கூடத்தின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் உதட்டை மூடிக்கொண்டது, பூ வைத்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எச்சில் ஒழுகும் வாயோடு என் முன்னால் இருக்க அவருக்குக் கூச்சம். நான் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று அவள் என்னோடு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். எட்டாம் நாள் வந்து சேர்ந்தாள், "சாருக்காக" என்று சொல்லிக்கொண்டு. உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. அதெல்லாம் முடிந்து, தலை வாரி, சட்டை போட்டபிறகுதான் நான் உள்ளே போவேன். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவேன். அவருடைய பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் வரும் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று படித்தால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். முதல் சில நாள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் படித்து முடித்து எழுந்தபோது என் சேலைத் தலைப்பை இடது கையால் பிடித்துக்கொண்டார். நான் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அவள் எங்களோடு இருந்தாள். அவர் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியபிறகு வேறு வீட்டுக்குப் போனாள். முன்பெல்லாம் என்னோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவள், திரும்பி வந்தபிறகு ஒரு நாளும் அப்படி உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். நானும் வற்புறுத்தவில்லை. அதற்கான உரிமையை நான் தொலைத்துவிட்டேன் என்று தெரியும்.

இப்போது பாதி நாள் ஓர் ஆண் உதவியாளர் வருகிறார். அவரிடம் இவர் சிரிக்கும்போது இன்றைக்கும் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கத்தான் செய்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுருக்கோடு வாயைத் திறந்தால் நான் யார்மேல் எந்தப் பழியைப் போடவும் துணிந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது; அதனால் அது அடங்கும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.