போணி ஆகட்டும்

எங்கள் கடை அடுப்பில் இன்றும் இருக்கிற பணியாரச் சட்டிக்கு ஏழு குழி. நடுக்குழியில் ஊற்றுவது எப்போதும் கொஞ்சம் கருகும். அந்த இரும்புச் சட்டியைக் கடலாடியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தவர் சேவிகாம்மா. கிராம சேவிகா என்று அரசாங்கத்தில் பேர். இல்லாதப்பட்ட பெண்களுக்கு ஒரு தொழில் ஏற்படுத்திக் கொடுக்கிற வேலை. நயா பைசா வந்த புதிது. என் வீட்டுக்காரர் உப்பளத்தில் காலில் புண் வந்து படுத்துவிட்டார். கையில் இரண்டு பிள்ளைகள். "பணியாரம் சுடத் தெரியும்ல? பெறகென்ன, உப்பளத்துப் பாதையில போய் உக்காரு" என்றார் சேவிகாம்மா.

சாயல்குடிக்குத் தெற்கே, உடைமரத்தடியில் மூன்று பேர் கடை போட்டோம். நான் பணியாரம், என் மதினி புட்டு, பக்கத்து வீட்டு அக்கா கேப்பைக்கூழ். நான் அஞ்சாவது படித்தவள்தான், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். ஆள் வந்தால் சட்டியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். "ஏவாரத்துக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தவுக முன்னால உக்காந்திருக்கியா?" என்று மதினி கேலி செய்வாள். முதல் நாள் ஒருவரும் வாங்கவில்லை. மறுநாள் விடியும்போதே சேவிகாம்மா வந்து நின்றார். நெற்றியில் சாந்துப் பொட்டு, தலையில் கனகாம்பரம். "நான் போணி பண்றேன்" என்று மூவரிடமும் முதல் ஆளாக வாங்கினார். அன்றைக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அதிலிருந்து தினமும் அவர் கைதான் போணி. "மகராசி கை" என்று அந்தக் காசைக் கண்ணில் ஒற்றித்தான் மதினி முந்தியில் முடிந்துகொள்வாள்.

ஒருநாள் அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார். "பதினெட்டு வயசுல தாலி அறுத்தவ நான், புள்ள. மூலையில உக்கார வச்சாக. நாலு வருசம் ஒரு ஆளுகிட்டப் பேசல. நானே பேசக் கத்துக்கிட்டேன், நீ கத்துக்கிட மாட்டியா? இந்தப் பொட்டு இல்லாட்டி எந்த வீட்டுலயும் என்னைய உள்ள விட மாட்டாக. யாருகிட்டயும் சொல்லிராத." எனக்குத் தைரியம் வரட்டும் என்று சொன்ன பேச்சு அது.

அந்தக் கோடையில் பருவம் தப்பி மழை கொட்டியது. பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து வேலை நின்றுபோயிற்று. பாதையில் ஆளே இல்லை. நாலு நாள், சுட்டதை நாங்களே தின்றோம். "யாரு கண்ணு பட்டுச்சோ" என்று மதினி புலம்பினாள். "கண்ணு இல்ல மதினி, கை" என்றேன். சேவிகாம்மா என்னிடம் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் கைவேலையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தார்கள். நான் பேசப் பேச மற்றவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்கு இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மழை விட்டு வேலை தொடங்கிய அன்று சேவிகாம்மா காசை நீட்டினார். மதினி புட்டுப் பானையைத் துணியால் மூடினாள். "பூவும் பொட்டுமா வந்து எங்க அடுப்புல தண்ணிய ஊத்திட்டியே தாயி! ஒம் புருசனத் தின்னது பத்தாதா?" அவர் மதினியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் போய்விடவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றார். உப்பளத்து ஆட்கள் வந்தார்கள். முதல் காசை வாங்கினேன். அதன் பிறகு அவர் என் முன்னால் வந்து, "போணி ஆயிருச்சுல்ல புள்ள? இப்பத் தரலாம்ல?" என்று கேட்டார். நடுக்குழியில் கருகிய ஒன்றை இலையில் வைத்து, கை படாமல் தரையில் தள்ளினேன். நின்றபடியே தின்றார்.

அன்று நல்ல விற்பனை. "பாத்தியா, கை மாறுனதும்!" என்றாள் மதினி. ஊரில் எந்த வீட்டிலும் அவரை உள்ளே விடவில்லை. அந்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பஸ் ஏறும்போது நெற்றியில் பொட்டு இல்லை. எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சட்டியில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இப்போது பஸ் நிறுத்தத்தில் மூத்தவன் கடை வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருசமாகிறது. காலையில் நான் முன்பக்கம் வந்தால் மருமகள், "அத்தே, செத்த உள்ள இருங்க, போணி ஆகட்டும்" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து ஏழு குழியிலும் மாவு ஊற்றுகிறேன். கருகியதை எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறேன். பிறகு உள்ளே இருந்தபடியே கேட்கிறேன்: "போணி ஆயிருச்சாம்மா? இப்ப வரலாமா?"