தண்ணீருக்கடியில் ஒரு சர்வே எண்

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள அந்தச் சின்ன மீனவர் குப்பத்தின் கத்தோலிக்கப் பங்கு வரலாற்றை யாராவது எழுதினால் மூன்று வரிதான் தேறும். மாதா கோயில் கட்டினார்கள். கடல் வந்தது. மேற்கே தள்ளிக் கட்டினார்கள். ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டு தாலுகா கச்சேரியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தபோது கோயில் மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. கல்லறைத் தோட்டம் மட்டும் முதல் இடத்திலேயே, அதாவது கடலுக்குள், இருந்தது.

செத்தவர்களைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போய்ப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். குப்பத்துக் கிழவர் ஒருவர், தன் காலத்துக்குள் கல்லறைக்குப் புறம்போக்கு நிலம் வேண்டும் என்று மனு கொடுத்தார். பழைய இடுகாடு உதவாது என்று அதிகாரி நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும் என்பது விதி. கரையிலிருந்து பார்த்தாலே தெரியுமே என்றேன்.

"நேர்ல பாக்கணும்னா நேர்லதான் பாக்கணும்" என்றார் தாசில்தார். அவர் கடலைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருக்கும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுமரத்தில் ஏறினேன். கிழவரும் கூட வந்தார். துடுப்புப் போட்டவன் கேட்டான்:

"நீச்சலு தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப கெட்டியா புட்ச்சிக்கோ. உனக்கும் அங்கியே ஒரு எடம் பாத்துறப் போறோம்."

"டேய், ஆபீசரு முழுகிட்டா மனு இன்னாவறது?" என்றார் கிழவர்.

கலங்கரை விளக்கமும் ஒரு பனைமரமும் நேர்கோட்டில் வந்ததும் துடுப்பு நின்றது. தலைத்துண்டை எடுத்தார்கள்.

"இங்கதான் என் பொஞ்சாதி கீறா" என்றார் கிழவர்.

குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர். 'பார்வையிடப்பட்டது, உபயோகத்துக்கு லாயக்கற்றது' என்று எழுதினேன். உத்தியோக காலத்தில் நான் எழுதியவற்றில் அவ்வளவு உண்மையான வாக்கியங்கள் அதிகமில்லை.

நிலம் கிடைத்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பால், அலை எட்டாத மேடாகப் பார்த்து அளந்து காட்டினேன். கிழவரின் முகம் வாடிவிட்டது.

"இம்மாந் தொலவா? கடலாண்ட குடு சார்."

"அதையும் கடல் அடிச்சிட்டுப் போயிடுமே, பெரியவரே."

"அதான் சார் வோணும். அவ அங்க தனியா கீறா. நான் எத்தினி நாளு மேட்டுல குந்திகினு கீறது?"

இதற்கு விதி இல்லை. ஆனால் நிலத்துண்டின் நீளத்தை எந்தத் திசையில் வைப்பது என்பது இன்ஸ்பெக்டரின் விருப்பம். வடக்கு தெற்காகக் கிடந்ததைக் கிழக்கே, கடற்கரை மணல் வரை இழுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'பொதுமக்கள் வசதி' என்று எழுதினேன்.

அடுத்த மழைக்காலத்தில் கிழவரைக் கிழக்கு முனையில் வைத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போனேன். அவருடைய சிலுவைக்கும் அலைக்கும் நடுவில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தவனிடம், கடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"வந்துகினே கீது சார்" என்றான்.