மூன்றடி அஸ்திவாரம்

கடல் மட்டம் உயர்ந்தால் எந்த ஊர் முழுகும் என்று வரைபடம் போடுவது என் வேலை. நான் பிறந்ததோ நாகலாபுரம். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் கரிசல். கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும்.

குளத்தூருக்குக் கிழக்கே ஒரு மீனவர் தெருவைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டிருந்தது. அங்கிருந்தவர்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்த முடிவானது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். மேடு, தண்ணீர் ஏறாது, ரோடு பக்கம். மண் மட்டும் கரிசல். மழையில் ஊதும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். அடியில் கெட்டியான சுக்காம்பாறை தட்டும்வரை தோண்டாமல் அஸ்திவாரம் போட்டால் சுவர் நிற்காது. எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவருக்குக்கூட இது தெரியும்.

அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்தார்.

"எல்லா ஊருக்கும் ஒரே டிசைன்தாம்மா. மூணடி போதும். நம்ம வேலை கடலோட முடிஞ்சுது."

கடலோடு முடிந்ததாம்! அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவரைத் திட்டியே பல நாள் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அதே பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டது நான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

வர மாட்டேன் என்று கடைசிவரை நின்றவர் மீன் விற்கும் ஓர் அம்மா. "முழுகினாலும் இங்கனயே முழுகுதேன்" என்றார். அவரைப் பேசிப் பேசிக் கரைத்ததும் நான்தான். "நானும் நாகலாபுரத்துக்காரிதான். எங்க மண்ணு உங்களைக் கைவிடாது" என்றேன். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா எனக்கு?

இரண்டு மழை, இரண்டு கோடை போயின. ஆய்வுக்குப் போனபோது அந்த அம்மாவின் புது வீட்டுச் சுவர் தரையிலிருந்து கூரைவரை பிளந்திருந்தது. விரிசலில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்திருந்தார். கடற்கரையில் அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. திரும்பிப் போகவும் வழியில்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நாகலாபுரம்னு சொன்னீங்கல்லா. உங்க வீட்டு அஸ்திவாரம் எத்தனை அடி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தேன்.

"ஏழு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நாற்காலியைச் சுவரைவிட்டுத் தள்ளி இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, காப்பி போடுதேன். சுவத்துல மட்டும் சாஞ்சிராதீங்க."