குளோரி அக்கா வைத்த இரண்டு பிளேட்டுகள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். குளோரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் தாம்பரத்தில் ஒரு சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதித் தலைதான் முடிந்திருந்தது. அப்படியே கழுவிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன். சவப்பெட்டியைச் சுற்றி நின்ற எங்கள் பழைய லேப் கூட்டம் ஜெபத்தின் நடுவிலும் என் தலையைத்தான் பார்த்தது. அக்கா இருந்திருந்தால், "பாதித் தலையை இன்குபேட்டர்ல வச்சியா கோபி?" என்று கேட்டிருப்பார்.

அந்தக் கேலியின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் பரிசோதிக்கும் அந்த லேபில் நான் சேர்ந்த புதிது. படப்பையிலிருந்து வந்த ஒரு தொட்டித் தண்ணீரை, பாக்டீரியா வளர்க்கும் இரண்டு பிளேட்டுகளில் தடவினேன். ஒன்றை இன்குபேட்டரின் சூட்டில் வைத்தேன். இன்னொன்றுக்கு உள்ளே இடமில்லை, மேசையிலேயே விட்டேன். உள்ளே வளர்ந்த பாக்டீரியா வெள்ளைப் புள்ளிகளாக இருந்தது. மேசையில் வளர்ந்ததோ குங்குமச் சிவப்பு.

"ரெண்டு சாம்பிளை மாத்தி வச்சிட்டு கதை விடறியா? இன்னியோட கிளம்பு" என்றார் முதலாளி. 'மாப்பிள்ளை விஞ்ஞானி' என்று என் மாமனார் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டிருந்த நேரம்.

லேபில் எனக்கு சீனியரான அக்கா எழுந்து வந்தார். "டெஸ்ட் பண்ணாம யாரையும் அனுப்பக் கூடாது சார்."

"எதுக்கும்மா டெஸ்ட்? கண்ணுக்கே தெரியுதே."

"கண்ணுக்குத் தெரியறதை வச்சே ரிப்போர்ட் கொடுக்கறதுன்னா லேப் எதுக்கு சார்? வாசல்ல ஒரு நாற்காலி போதுமே."

வெள்ளைப் புள்ளியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுப் பிளேட்டில் தடவி மேசையில் வைத்தார். சிவப்பிலிருந்து எடுத்ததை இன்குபேட்டருக்குள் தள்ளினார். லேப் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஞாயிறு சர்ச் முடிந்து பட்டுப்புடவையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போனார். திங்கட்கிழமை வெள்ளையின் வாரிசு சிவப்பாகவும் சிவப்பின் வாரிசு வெள்ளையாகவும் இருந்தன.

"ஆள் ஒண்ணுதான் சார். சூடு ஏறினா கலர் பண்றதை நிறுத்திடுது. சாப்பாடு மாறினாலும் சிலது இப்படித்தான் பண்ணும். உங்களுக்குச் சூடு ஏறினா முகம் சிவக்குதே, அதுக்கு நேர் உல்டா."

முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். என் வேலையும் கல்யாணமும் பிழைத்தன.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: கூட வேலை செய்பவர் மேல் பழி வந்தால், சோதித்துப் பார்க்கும்வரை நான் இடத்தைவிட்டு நகர்வதில்லை. இனியும் நகரப் போவதில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அக்காவின் மகளிடம், "எனக்காக உங்கம்மா எப்படி நின்னாங்க தெரியுமா?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அங்கிள், அம்மா இதை வீட்டுல அடிக்கடி சொல்வாங்க. நீங்க மாத்தித்தான் வச்சிருப்பீங்கன்னு அவங்களுக்கு அவ்ளோ நிச்சயம். அதை நிரூபிச்சு உங்களை அனுப்பத்தான் அந்த டெஸ்டே வச்சாங்களாம்."