பெயர் போடாத படங்கள்

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கப் போனால், முன்னால் நிற்பவருக்கும் எனக்கும் இடையில் இரண்டு முழம் விட்டு நிற்கிறேன். டென்மார்க்கில் இருபத்தொன்பது வருடம் அப்படித்தான் நின்றேன். இங்கே அந்த இரண்டு முழத்துக்குள் மூன்று பேர் புகுந்துவிடுகிறார்கள். போன கிழமை வியாபாரி கேட்டே விட்டார்: "ஐயா, வாங்க நிக்கிறியளோ, சும்மா விடுப்புப் பாக்க நிக்கிறியளோ?" வாங்கத்தான் என்றேன். "எந்த இடம்?" வட்டுக்கோட்டை என்றேன். "வட்டுக்கோட்டையில ஆரின்ரை ஆள்?" அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவருக்கும் தெரியவில்லை. ஊர், தகப்பன் என்று இரண்டு சொல்லில் ஆளைக் கண்டுபிடிக்கிற இடத்தில் என்னுடைய இரண்டு சொல்லும் செல்லாமற்போயின.

மனைவி காலமான பிறகு நான் திரும்பி வந்தேன். மகள் வரவில்லை; அவள் அங்கே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எடுப்பாள். "அப்பா, திரும்பவும் காதுதான் தெரியுது," என்பாள். ஃபோன் என்றால் காதில் வைப்பது என்று கை பழகிவிட்டது. சாப்பிட்டியளோ, அங்கை மழையோ. ஆறேழு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அவள் படம் கீறுகிறாள் என்பதே அவளுடைய சிநேகிதி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கே பார்க்கலாம் என்று மகளைக் கேட்டபோது ஓர் இணையத்தளத்தை அனுப்பினாள். "அதிலை பேர் போடுறதில்லை அப்பா. தேடிப் பாருங்கோ."

விசித்திரமான தளம். படம் வரைந்தவரின் பெயர் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் இல்லை. பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தோன்றிய சொல்லைப் படத்தின் கீழே ஒட்டலாம். ஒரு சொல்லைத் தொட்டால், அதே சொல் ஒட்டிய படங்களெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பக்கத்து வீட்டு மகேந்திரனிடம் காட்டினேன். "பேர் போடாமல் என்னத்துக்கு அண்ணை கீறுறது? களவெடுத்த சாமானே?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் தேடினேன். மகளை எனக்கு எவ்வளவு தெரியும் என்று யாரோ சோதிப்பது போலிருந்தது. 'யாழ்ப்பாணம்' என்று அடித்தேன்: பனையும் சூரியனுமாக அறுபத்திரண்டு படங்கள். 'கடல்', 'கோயில்' எல்லாம் அடித்தேன். நான் என் ஊரைத் தேடுகிறேன், அவளுடையதை அல்ல என்பது உறைக்க இரண்டு மாதம் சென்றது.

அவளுடைய ஊர் நான்காம் மாடியில் மூன்று அறை. குளிர்காலத்தில் வெயில் ஏது? அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்தான் சிவப்பு மிளகாய் காயவைப்போம். கீழ்வீட்டுக் கிழவி ஒருநாள் கதவைத் தட்டி, மிளகாய் வரிசையைப் பார்த்து, "யூல்?" என்று கேட்டாள், கிறிஸ்மஸ் அலங்காரமா என்று. விளக்கிச் சொல்லும் பஞ்சியில், சோம்பலில், தலையாட்டிவிட்டேன். அழகாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

டெனிஷில் 'ரேடியேட்டர்' என்று அடித்தேன். பதினோராவது படம். மிளகாய் வரிசை, யன்னலில் பனி, குனிந்து மிளகாயை எண்ணுகிற ஒருவனின் முதுகு. என்னுடைய நீலச் சுவெட்டர். முழங்கையில் மனைவி போட்ட தையல்கூட இருந்தது. கீழே யார் யாரோ ஒட்டிய சொற்கள்: சிவப்பு, குளிர்காலம், தனியாள்.

தனியாள் என்று எழுதியவரோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போது குசினியில் மனைவி சமைத்துக்கொண்டு நின்றாள். கீறியவள் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். ஆனால் அங்கே சண்டை பிடிக்க வழியில்லை, சொல் ஒட்டத்தான் வழி. 'எங்கடை' என்று ஒட்டினேன், எங்களுடையது என்று. தொட்டுப் பார்த்தேன். அந்தச் சொல்லின் கீழ் ஒரே ஒரு படம்.

மகளிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மழையோ என்று கேட்டாள், இல்லை என்றேன். புதன்கிழமை அந்தச் சொல்லை மறுபடி தொட்டேன். இரண்டு படங்கள். புதியதில் பெரிய கிழட்டுக் காது ஒன்று, நரைமயிரோடு. அதன் விளிம்புக்கு அப்பால் என் முற்றத்து முருங்கையும் ஒரு துண்டு வானமும்.

இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன். அங்கே என் முதுகு, இங்கே என் காது. முகம் இரண்டிலும் இல்லை. வருகிற ஞாயிறு ஃபோனை எங்கே பிடிப்பது என்பதுதான் இப்போது யோசனை.